இருபத்துமூன்றாவது முடிச்சு

சலேத் மேரியிடம் கோமதிநாயகம் சீடராகச் சேர்ந்தபோது குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று.

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மனைவி வடிவுதான் அதிகம் சிரித்தாள். "முப்பத்துநாலு வருஷம் சர்வேயரா இருந்து ஊர் நிலத்தையெல்லாம் அளந்து தள்ளியாச்சு. ரிட்டையர் ஆன பிறகு நம்ம வராந்தாவை நாலு தடவை அளந்தாச்சு. இப்போ கடற்கரையில புல்லு எண்ணப் போறீங்களாக்கும்" என்றாள். ஆனால் பையில் துண்டையும் இட்லிப்பொடி டப்பாவையும் எடுத்து வைத்தது அவள்தான். மனுஷன் கொஞ்ச நாள் வெளியே இருந்தால் வீட்டுக்கும் நல்லது என்று நினைத்தாளோ என்னவோ.

முத்துமேடு கடற்கரைப் பூங்காவில் செடிகொடிகளைக் கணக்கெடுக்க உதவிக்கு ஆள் தேவை என்று பேப்பரில் வந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினார். கணக்கெடுப்புக்குப் பொறுப்பு யார் என்று கேட்டபோது, காலில் செருப்பில்லாமல் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார்கள்.

"வணக்கம் மேடம்" என்றார் கோமதிநாயகம்.

"மேடமெல்லாம் ஆபீஸ்ல இருக்காங்க. நான் மேரி. பேரைச் சொல்லியே கூப்பிடுங்க அண்ணாச்சி."

"சொல்லிக் குடுக்கறவங்களைப் பேர் சொல்லுதது சரியா வராது. டீச்சர்னு கூப்பிடுதேன்."

"நான் படிச்சது எட்டாம் வகுப்பு."

"இருக்கட்டுமே."

மேரி கடலில் பாசி எடுத்து வளர்ந்தவர். எப்போதோ ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டப் போய், செடி எண்ணக் கற்றுக்கொண்டு, பத்து வருஷத்தில் அந்த வேலைக்கே தலைமையாகிவிட்டார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் ஒரு கேலி இருக்கும்.

வேலை கேட்பதற்கு லேசு. நானூறு மீட்டர் கயிறு. பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு, முடிச்சில் ஒரு சிவப்புத் துணி. ஆக நாற்பது முடிச்சு. பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம், பக்கத்துக்கு ஒரு மீட்டர். முடிச்சுக்கு நேர் கீழே சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்துக்குள் என்ன செடி, எத்தனை என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அடுத்த முடிச்சுக்கு நகர வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் உப்பங்கழிப் பக்கம் போனார்கள். மூன்றாவது முடிச்சில் சட்டம் வெறும் சேற்றில் விழுந்தது. மேரி பென்சிலை எடுத்துச் சூன்யம் போட்டார்.

கோமதிநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. "டீச்சர், இதுல ஒண்ணுமே இல்லையே. ரெண்டு அடி தள்ளி உமரிச்செடி தளதளன்னு நிக்கி பாருங்க. சட்டத்தை அங்க வச்சா என்ன?"

"முடிச்சு இங்கதானே இருக்கு."

"இருக்கு. ஆனா வெறும் சேத்தை எழுதி என்ன ஆகப் போகுது?"

மேரி அவரை ஒரு தரம் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பிறகு சொல்றேன் அண்ணாச்சி" என்று கயிற்றைப் பிடித்து நடந்தார்.

பாவம், பதில் தெரியவில்லை, எட்டாம் வகுப்புதானே என்று கோமதிநாயகம் மனசுக்குள் மன்னித்துவிட்டார். அவர் இலாகாவில் காலியாக விட்ட கட்டம் என்றால் ஆள் அந்த இடத்துக்கே போகவில்லை என்று அர்த்தம். எல்லைக்கல் நட வேண்டிய இடத்தில் பாறை இருந்தால் ஒரு அடி தள்ளி நட்டுவிட்டுப் போவார்கள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் அவர் அளந்ததை இன்னொருவர் திரும்ப அளந்ததும் கிடையாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. யாராவது வாயைத் திறந்தால் போதும், அதைச் சொல்லிவிடுவார்.

இரண்டு மாசம் ஓடியது. செடிகள் பழகிவிட்டன. ஆட்டுக்குளம்பு மாதிரி இலை விட்டு மணலில் ஓடும் அடும்பு, தொட்டால் குத்தும் ராவணன் மீசைப் புல், உப்புக் கரிக்கும் உமரி. வேலை முடிந்து உட்காரும்போது மேரி ஒரு பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டுக் கோமதிநாயகம் தினமும் ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"எங்க தாமிரபரணி தோத்துப்போகும் டீச்சர். கடலோரத்துல இப்படி ஒரு தண்ணியா! எங்க பிடிக்கிறீங்க?"

"எங்க ஊர்லதான்" என்பார் மேரி. அதற்கு மேல் சொல்ல மாட்டார். கோமதிநாயகமும் கேட்டுக்கொண்டதில்லை.

பங்குனி கடைசியில் பூங்கா ரேஞ்சர் தீனதயாளன் ஒரு செய்தி சொன்னார். கிழக்கு மணல்மேட்டின் மேல் சுற்றுலா ஜீப்புக்குப் பாதை விடலாமா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். ஏற்கெனவே திருட்டுத்தனமாக நாலைந்து வண்டி மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பூங்காவின் விதி இது: நாற்பது முடிச்சில் இருபதிலோ அதற்கு மேலோ செடி இருந்தால் மேடு கெட்டிப்பட்டுவிட்டது, பாதை விடலாம். இருபதுக்குக் குறைந்தால் மூன்று வருஷத்துக்கு வேலி போட்டு மூட வேண்டும். போன வருஷம் இருபத்தொன்று. இந்த வருஷக் கணக்கு சித்திரைக் கூட்டத்துக்குள் வந்தாக வேண்டும்.

மேரி யோசிக்கவே இல்லை. "கிழக்கு மேட்டை அண்ணாச்சி எடுக்கட்டும்" என்றார்.

"நீங்க வரலையா டீச்சர்?"

"இல்ல. அந்த மேடு நீங்க தனியா."

கோமதிநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. குரு தன்னை நம்பித் தனியாக விட்டுவிட்டார் என்று வடிவுக்குப் போன் போட்டுச் சொன்னார். "வெயில்ல தொப்பி போட்டுக்கோங்க" என்று மட்டும் அவள் சொன்னாள்.

தனி ஆளாகக் கயிறும் கட்டி அளந்ததில் இரண்டு நாள் வேலை. முதல் முடிச்சில் அடும்பு. இரண்டாவதில் ராவணன் மீசை. மூன்றாவது முடிச்சில் சட்டம் வெறும் மணலில் விழுந்தது. பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, அடும்பு ஊதாப் பூவோடு கிடந்தது. கோமதிநாயகம் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. திருட்டு எண்ணம் இருந்தால்தானே பார்க்க? கல்லைத் தள்ளி நடுகிற பழக்கத்தில் சட்டத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அடும்பு உள்ளே வந்தது. எழுதினார். கட்டம் நிரம்பியதும் மனசும் நிரம்பியது.

அதற்குப் பிறகு கால் தானாகத் தள்ளியது. இருபத்துமூன்றாவது முடிச்சு ஜீப் ஏறி இறங்கிய தடத்தின் நட்டநடுவில் விழுந்தது. அங்கே சுற்றிலும் மொட்டை மணல். மூன்று எட்டு நடந்துபோய்த்தான் அடும்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 'அடும்பு, நாலு' என்று எழுதினார். மூன்றே மூன்று முடிச்சில் மட்டும் எவ்வளவு தேடியும் செடி கிடைக்கவில்லை. வேண்டாவெறுப்பாகச் சூன்யம் போட்டார்.

மொத்தம் முப்பத்தேழு. சந்தோஷம் தாங்கவில்லை. மேரியிடம் காட்டக்கூடப் பொறுக்காமல் நேராக ஆபீசுக்குப் போய், கணக்கைத் தாளில் எடுத்தெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ரேஞ்சர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இருபத்தொண்ணுல இருந்து முப்பத்தேழா! பிரமாதம் சார். மேடு பிழைச்சுக்கிச்சு. பாதை விட்டுடலாம்" என்றார்.

சாயங்காலம் மேரி நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மூணு முடிச்சுதான் மணலா அண்ணாச்சி?"

"மூணே மூணு டீச்சர்!"

"தாளைக் குடுத்துட்டீங்களா?"

"அப்பவே குடுத்தாச்சு. ரேஞ்சர் கை குடுத்தாருன்னா பாத்துக்கோங்க."

மேரி நோட்டை மூடிக் கொடுத்தார். முகம் வாடிப்போயிருந்தது. உடம்புக்கு முடியவில்லை போல என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில், பூங்காவில் அவர் தங்கியிருந்த அறை வாசலில் மேரி வந்து நின்றார். தோளில் கயிறு.

"அண்ணாச்சி, ஒரு சின்ன வேலை. கிழக்கு மேடு வரைக்கும் வாங்க."

"இந்த வெயில்லயா? நோட்டு எடுத்துக்கட்டுமா?"

"நோட்டு பையில இருக்கட்டும். செருப்பு போட்டுக்கோங்க."

தானும் அன்றைக்கு அதிசயமாகச் செருப்புப் போட்டிருந்தார். மேட்டில் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். சித்திரை வெயில். மணல், கடலை வறுக்கிற சட்டி மாதிரி கிடந்தது.

"நடக்கும்போது செருப்போட நடங்க" என்றார் மேரி. "முடிச்சு வந்ததும் கழட்டிட்டு, முடிச்சுக்கு நேர் கீழே வலது காலை வையுங்க. பத்து எண்ணுங்க. செடி இருந்தா குளுமையா இருக்கும். ராவணன் மீசை வந்தா காலை வைக்க வேண்டாம், செடின்னு சொல்லிட்டு நடங்க. ஒரே ஒரு விஷயம். காலை நகத்தக் கூடாது."

"இது என்ன விளையாட்டு டீச்சர்?"

"நானும்தான் வைக்கிறேன். வாங்க."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மேரி. முதல் முடிச்சில் அடும்பு இலை. பாதத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவதில் ராவணன் மீசை, தப்பித்தார். மூன்றாவது முடிச்சில் காலை வைத்தார்.

"அம்மாடீ!"

"எண்ணுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." வார்த்தை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. எதிரே மேரியும் காலை மணலில் ஊன்றி நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினார். பத்து வந்ததும் இருவரும் செருப்புக்குத் தாவினார்கள். ஒரு முழம் தள்ளி அடும்பு பூத்திருந்தது. கோமதிநாயகம் அந்தப் பூவைப் பார்த்தார்.

நாலாவது முடிச்சில் குளுமை. ஐந்தில் சுட்டது. ஆறில் சுட்டது. ஏழாவதில் காலை வைக்கும்போதே அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அதற்கு வெயில் காரணமில்லை. அந்த முடிச்சில் தான் என்ன எழுதியிருந்தோம் என்று ஞாபகம் வந்துவிட்டது.

பன்னிரண்டாவது முடிச்சில் நின்றுவிட்டார். "போதும் டீச்சர்."

"இன்னும் இருபத்தெட்டு இருக்கு."

"நான் சட்டத்தைத் தள்ளித் தள்ளி வச்சேன் டீச்சர்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? யாரும் பாக்கலையே."

"நான் தினமும் இது வழியாத்தானே வேலைக்கு வரேன். வெறுங்காலோட."

கோமதிநாயகம் மணலிலேயே உட்காரப் போனார், சுட்டதும் துள்ளி எழுந்தார். மேரி சிரிக்கவில்லை. கோமதிநாயகத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு அவமானமா! முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனை கல்லை ஒரு அடி தள்ளி நட்டோம், அதெல்லாம் யார் கொல்லையில் போய் நின்றதோ என்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

"இப்ப என்ன செய்யட்டும் டீச்சர்?"

"சட்டம் பனைமரத்தடியில இருக்கு" என்றார் மேரி. "நான் கயிறு பிடிக்கிறேன். பாக்கறதும் எழுதறதும் நீங்க."

மேரி சொன்னது சொன்னபடிதான் நடந்தார். ஒரு சட்டத்தைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கோமதிநாயகம் பழைய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதுப் பக்கத்தில் ஆரம்பித்தார். மூன்றாவது முடிச்சில் சூன்யம் போட்டபோது கை கொஞ்சம் தயங்கியது. பத்தாவது முடிச்சுக்குள் தயக்கம் போய்விட்டது. இருபத்துமூன்றாவது முடிச்சில், ஜீப் தடத்தின் நடுவில், குனிந்து மண்டியிட்டு நன்றாகத் தேடிப் பார்த்தார். ஒரு துரும்புகூட இல்லை. சூன்யம்.

நாற்பதாவது முடிச்சு முடியும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கூட்டிப் பார்த்தார். சரிதானா என்று இன்னொரு தரம் கூட்டினார்.

"பத்தொன்பது டீச்சர்."

மேரியின் கையிலிருந்து கயிறு நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன். தேதியும் போட்டாச்சு."

"அப்ப வாங்க. தண்ணி குடிக்கலாம்."

மேட்டின் மறுபக்கம் இறங்கினார்கள். கோமதிநாயகம் அந்தப் பக்கம் போனதே இல்லை. இருபது வீடு கொண்ட ஒரு சின்னக் குடியிருப்பு. மேட்டின் அடிவாரத்தில் மணலில் இடுப்பளவு குழி தோண்டியிருந்தது. ஒரு பெண் குழிக்குள் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்று சுரக்கச் சுரக்க மொண்டாள். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

மேரி சிரட்டையை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். கோமதிநாயகம் ஒரு வாய் குடித்தார். தெரிந்த ருசி.

"இதா டீச்சர் அந்தத் தண்ணி?"

"இதுதான்."

"உங்க வீடு?"

மேரி நீலக் கதவு போட்ட ஒரு வீட்டைக் காட்டினார். "மேட்டுல பெய்யற மழைதான் கீழ இறங்கி இங்க வருது. மேடு இருக்கிற வரைக்கும் கடல் உள்ள வராது."

"மேடு போயிட்டா?"

"செடி போனா மணல் பறக்கும். மணல் போனா ரெண்டு வருஷத்துல இது கரிச்சிரும். பக்கத்து ஊர்ல கரிச்சுப்போச்சு. அவங்க லாரியை எதிர்பார்த்து நிக்கிறாங்க."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. தன்மேல் வந்த கோபந்தான், ஆனால் பாய்ந்தது மேரியின்மேல். "இதை ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல? ரெண்டு மாசமா இந்தத் தண்ணியைக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கீங்களே, இது நியாயமா?"

"சொல்லியிருந்தா எத்தனை சூன்யம் போட்டிருப்பீங்க?"

அவர் சிரட்டையைக் கீழே வைத்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நாப்பதும் போட்டிருப்பேன் டீச்சர்."

"அதான் சொல்லல" என்றார் மேரி. "நான் அளக்கப் போகாததும் அதனாலதான். என் வீடு இங்க இருக்கு. என் கண்ணை நானே நம்ப மாட்டேன்."

"இன்னைக்கு இருபது வந்திருந்தா?"

"இருபதுன்னுதான் எழுதியிருப்பீங்க."

"நான் எழுதியிருப்பேன். நீங்க?"

குழிக்குள் இருந்த பெண் நிறைந்த குடத்தைத் தூக்கிக் கொடுக்க, மேரி வாங்கி மேலே வைத்தார். "கடலைப் பாத்துக்கிட்டே மாதாவை எத்தனை தடவை கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. ஆனா உங்க பக்கம் திரும்பிப் பாக்கல."

மறுநாள் ஆபீசில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ரேஞ்சர் தாளை எடுத்து, "கிழக்கு மேடு, முப்பத்தேழு" என்று ஆரம்பித்தார்.

கோமதிநாயகம் எழுந்தார். "அய்யா, அந்தத் தாள் தப்பு."

"நீங்கதானே சார் அளந்தீங்க?"

"நான்தான் அளந்தேன். தப்பா அளந்தேன். மணல் வந்த இடத்துல சட்டத்தைச் செடி பக்கமாத் தள்ளி வச்சேன். நேத்து திரும்ப அளந்தாச்சு. பத்தொன்பது."

யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ரேஞ்சருக்கு முகம் சுண்டிப்போனது. "முப்பத்தேழு எங்க, பத்தொன்பது எங்க? இருபதுக்கு ஒண்ணு குறைச்சலா, கரெக்டா? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று மேரி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

மேரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"சந்தேகம் வேண்டாம் அய்யா" என்றார் கோமதிநாயகம். "கயிறு மேட்டுலதான் இருக்கு. சட்டமும் இருக்கு. நீங்களே வாங்க, யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க. முப்பத்துநாலு வருஷத்துல நான் அளந்ததை ஒருத்தரும் திரும்ப அளந்ததில்ல. இன்னைக்கு அளங்க."

போனார்கள். மேலிடத்து ஆட்கள் இரண்டு பேரும் அளந்தார்கள். ரேஞ்சர் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கோமதிநாயகம் பனைமரத்தடியில் குற்றவாளி மாதிரி நின்றார். அவர்கள் கணக்கிலும் பத்தொன்பதுதான் வந்தது. ஒரு வாரத்தில் மேட்டைச் சுற்றிப் பனைமட்டை வேலி எழுந்தது. மூன்று வருஷத்துக்குப் பாதை கிடையாது.

அவர்கள் அளந்து முடித்த அன்றே சாயங்காலம் கோமதிநாயகம் பையைக் கட்டி வைத்திருந்தார். தன்னை இனி இங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? மேரி வந்து பையைப் பார்த்தார்.

"ஊருக்கா அண்ணாச்சி?"

"போகச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு உப்பங்கழி. சட்டத்தை நீங்கதான் தூக்கணும், எனக்குத் தோள் வலிக்குது."

கோமதிநாயகம் பையை அவிழ்த்தார். அதற்குப் பிறகு அவர் சட்டத்தை எங்கே வைத்தாலும் முடிச்சைக் கட்டைவிரலால் ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் வைப்பார். சேறு வந்தால் சேறு, மணல் வந்தால் மணல். அவர் நோட்டில் சூன்யங்கள் பெருகின. ஆனாலும் ஒரு கேள்வி அவருக்குள் நமநமத்துக்கொண்டே இருந்தது. கணக்குக்குச் சூன்யம் வேண்டும், அது புரிந்துவிட்டது. மொத்தத் தொகை சரியாக வர வேண்டுமே. ஆனால் தொகையைக் கூட்டி முடித்த பிறகும் ஒவ்வொரு முடிச்சின் சூன்யத்தையும் அந்தந்த எண்ணோடு நோட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்களே, அது எதற்கு?

ஆடியில் ஒரு நாள் மறுபடி கேட்டார். "டீச்சர், அன்னைக்குக் கேட்டேனே, வெறும் சேத்தையும் மணலையும் எழுதி வச்சு என்ன ஆகப் போகுது?"

"பிறகு சொல்றேன் அண்ணாச்சி" என்றார் மேரி. இந்தத் தடவை கோமதிநாயகம் எட்டாம் வகுப்பை நினைக்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. கார்த்திகையிலும் விடவில்லை. தை பிறந்து மண் உலர்ந்ததும் கிழக்கு மேட்டுக்கு மறுபடி கணக்கெடுப்பு வந்தது. கோமதிநாயகம் தனியாகத்தான் போனார். மேரி வேலிக்கு வெளியே பனைமரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த சிவப்புத் துணிகளுக்குப் பதில் புதுத் துணி கிழித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒரே கூச்சல். அவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மேரி எழுந்து ஓடினார்.

இருபத்துமூன்றாவது முடிச்சில் கோமதிநாயகம் மண்டியிட்டுக் கிடந்தார். தொப்பி ஒரு பக்கம் கிடந்தது. சட்டத்துக்குள், பழைய ஜீப் தடத்தின் நடுவில், அடும்பு ஒன்று முளைவிட்டிருந்தது. ஆட்டுக்குளம்பு மாதிரி இரண்டே இரண்டு இலை. விரல் நீளம்கூட இல்லை.

"பாருங்க டீச்சர், பாருங்க! வந்துட்டுது!"

மேரிக்கு மூச்சு வாங்கியது. "ஒரு செடிக்கா இந்தக் கூத்து? மேட்டுல ஆயிரம் அடும்பு கிடக்கு. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"ஆயிரம் கிடக்கட்டும். இது புதுசு டீச்சர்! இந்த மழைக்கு வந்தது! பச்சைப்புள்ளை!"

மேரியும் பக்கத்தில் மண்டியிட்டார். அந்த இரண்டு இலையையும் தொடாமல் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "புதுசுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி டீச்சர் இது, போன தடவை இங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினார். குறுக்கே கோடு இழுத்த ஒரு பக்கம். அதில் இருபத்துமூன்று: அடும்பு, நாலு. அடுத்த பக்கத்தில், அதே கையெழுத்தில், இருபத்துமூன்று: சூன்யம்.

இரண்டு பக்கத்தையும் பார்த்தார். கீழே அந்த ஒற்றைச் செடியைப் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். அந்த நாலின்மேல் விரலை வைத்தார். அது நின்றிருந்தால் இந்தப் பச்சைப்புள்ளை மூன்று செடி செத்த கணக்காகியிருக்கும்.

மேரி காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். கோமதிநாயகம் வாங்கிக்கொண்டு புதுப் பக்கத்தைத் திருப்பினார்.